முப்பது மார்க் யாருடையது?

கேள்வி: மாணவரின் மார்க் எவ்வளவு ஏறியது என்று பார்த்து ஆசிரியரை எடைபோடலாமா?
(ஒரு வாசகி, கீழ்க்கட்டளை)

பதில்: போடலாம். தராசில் யார் யார் ஏறி நிற்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் தெருவிலேயே பையன் நாலரைக்குப் பள்ளிப் பையை வீசிவிட்டு ஐந்துக்கு டியூஷன் போகிறான். 40 மார்க் 70 ஆனால், அந்த 30 பள்ளி சாருக்கா, டியூஷன் அக்காவுக்கா, டிவி ரிமோட்டை ஒளித்துவைத்த அம்மாவுக்கா?

ஆனாலும் நையாண்டியோடு விட முடியாது. 2005 முதல் ஆந்திர கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் இந்த எடைபோடலைச் சோதித்தார்கள். சராசரி மார்க் ஏறினால் ஆசிரியருக்கு போனஸ். இரண்டே ஆண்டில் கணக்கும் மொழியும் ஏறின; போனஸே இல்லாத அறிவியலும் கூடவே ஏறியது! வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர்கள் மட்டம்போடுவது குறையவில்லை. வந்த நாளில் கூடுதலாகப் பாடம் நடத்தினார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஹூஸ்டனிலோ, மாணவர் மார்க் ஏறுவதைக் கொண்டு ஆசிரியர்களுக்கே மார்க் போட்டார்கள், அதுவும் சூத்திரத்தை ரகசியமாக வைத்து. ஆசிரியர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2017-ல் நீதிமன்றம், ரகசியச் சூத்திரம் பற்றிய அவர்கள் வாதத்தைத் தள்ளாமல் வழக்கு தொடர வழிவிட்டது. கணக்கு வாத்தியாரிடமே வழிமுறையைக் காட்டாமல் விடையை மட்டும் நீட்டினால் சும்மா விடுவாரா?