பொட்டி தேடிக்கிட்டிருக்கு

வடவள்ளி வாடகை வீட்டில் எங்களிடம் ஒரு கணினி இருந்தது. பையனின் படிப்புக்கென்று வாங்கியது. பையனுக்கு அப்போது மூன்று வயது.

அதை 2001-இல் வேற்றுக் கிரகத்து ஆளைத் தேடும் வேலைக்கு நேர்ந்துவிட்டேன். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே மாதம் தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’ திட்டம். மனைவி காதில் அது ‘சீட்டு’ என்று விழுந்துவிட்டது. "மாசம் எவ்வளவுங்க கட்டோணும்?" என்றாள் ஆர்வமாக. கரண்டு பில் மட்டும்தான் என்றதும் ஆர்வம் அடங்கியது.

போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில், மலைக்குழிக்குள் மல்லாத்தி வைத்த வாணலிபோல் 305 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருந்தது. அது கேட்ட வான இரைச்சலை அலசப் பெர்க்லியின் கணினிகள் போதவில்லை. ஆகவே 107 நொடி இரைச்சலை ஒரு பொட்டலமாகக் கட்டி, ஊர் உலகத்து வீடுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். இயற்கையின் சத்தம் பல அலைவரிசைகளில் பரவலாகக் கேட்கும். யாராவது வேண்டுமென்றே அனுப்பினால் ஒரே இடத்தில் மெல்லிசாக நிற்கும். பொள்ளாச்சிச் சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒற்றைச் சீழ்க்கையைப் பிடிக்கிற வேலை.

"ஏனுங்க, இந்தப் பொட்டி ராத்திரியெல்லாம் என்னத்தப் பண்ணுது?"

"ஆளைத் தேடுது அம்மிணி."

"கிரைண்டர் ரிப்பேருக்கு வரேன்னு சொன்ன ஆளை மூணு நாளாக் காணோம். அவனைத் தேடச் சொல்லுங்க."

உலகெங்கும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் சேர்ந்தார்கள். அறிவியல் ஆர்வம் என்பார்கள்; முதல் ‘ஹலோ’ தன் வீட்டில் கேட்க வேண்டும் என்ற ஆசை என்பார்கள். மற்றவர்களைப் பற்றித் தெரியாது. என்னைக் கேட்டால், நாற்காலியை விட்டு எழாமலே செய்யக்கூடிய பொதுச்சேவை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். குளம் தூர்வாரக் கூப்பிட்டால் எனக்கு முதுகுவலி வரும். இதில் உழைப்பு பொட்டியுடையது, புண்ணியம் என்னுடையது. யார் எத்தனை பொட்டலம் முடித்தார்கள் என்று பட்டியல் வேறு உண்டு. ஆபீஸ் நண்பர் என்னை முந்திவிட்டார் என்று தெரிந்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவிக்கு விஷயத்தின் பிரம்மாண்டத்தைக் காட்ட ஊட்டிப் பக்கம் முத்தோரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு 1,100 எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டிய ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் அமைத்தது. "புடலைப் பந்தலாட்ட இருக்குது," என்றாள். இது ஆள் தேடுவதற்காகக் கட்டியதல்ல, பல்சர், குவாசர்களை ஆராய்வது என்றேன். "பரவால்ல, பொறுப்பான பந்தல்."

பொட்டலம் இறக்குவது டெலிபோன் லைனில். அண்டவெளியிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று நான் காத்திருந்ததில், காங்கேயத்திலிருந்து கூப்பிட்ட மாமனாருக்கு இரண்டு நாளாக லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். மகள் குற்றப்பத்திரிகை வாசித்தாள். அவர் பொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன வருசமாத் தேடறாங்க மாப்ள?"

"1960-லருந்துங்க மாமா."

"ஏதாச்சும் சிக்குச்சுங்களா?"

"1977-ல, ஆகஸ்ட் 15 அன்னைக்கு, அமெரிக்காவுல ஒஹாயோங்கற மாநிலத்துல ஒருக்கா சத்தம் வந்துச்சுங்க. 72 நொடி. அப்புறம் வரவேயில்லைங்க."

தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவரை நம்பி மூன்று போர் போட்டு, மூன்றிலும் புழுதி பார்த்தவர் அவர். தலையை ஆட்டினார்.

"ஈரமண்ணு வந்திருக்குது. ரெண்டடி தள்ளிப் போடச் சொல்லுங்க."

என்னை அந்த வீட்டில் புரிந்துகொண்ட ஒரே ஆள்.

பெர்க்லிக்காரர்கள் 2020 மார்ச் 31-உடன் பொட்டலம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1-இல் அரெசிபோ தொலைநோக்கியும் இடிந்து விழுந்தது. எங்கள் பொட்டி அதற்கு வெகுகாலம் முன்பே காயலான் கடைக்குப் போயாயிற்று. மாமனார் நாலாவது போர் போட்டார். 1,100 அடி. புழுதிதான். ஐந்தாவதுக்கு இடம் பார்க்கிறார். தேங்காய் பார்க்கிற நல்ல ஆள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.