இரட்டை அம்புக்குறி: கேள்வி-பதில்

கேள்வி: வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே தரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப விடுகுதில்லை. என்ர போன் பழுதோ?
(ஓய்வுபெற்ற கிளாக்கர், துணுக்காய்)

பதில்: போன் சுகமாக இருக்கிறது ஐயா, பூட்டுப் போட்டது கம்பனி. 2018இல் இந்தியாவில் பிள்ளை பிடிகாரர் வந்துவிட்டார்கள் என்ற புரளி வட்ஸ்அப்பில் ஓடி, வழியில் போன அப்பாவிகளை அடித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகு அங்கே ஐந்து என்று கட்டினார்கள். 2019 சனவரியில் உலகம் முழுவதற்கும் அதே கட்டு. 2020 ஏப்ரலில், கொரோனாவுக்கு ஊரெல்லாம் கைமருந்து சொல்லத் தொடங்கிய நேரம், பல கை மாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்கு மட்டும் என்று இன்னும் இறுக்கினார்கள். அப்படிப்பட்ட செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி நிற்கும்.

கம்பனி உங்கள் செய்தியை வாசிப்பதில்லை. அது உங்கள் போனில் பூட்டப்பட்டு, பெறுகிறவரின் போனில்தான் திறக்கிறது. எத்தனை கை மாறியது என்ற கணக்கு மட்டும் செய்தியோடு கூடவே போகும். ஆகவே மாரி மழையில் "வவுனிக்குளம் உடைக்கப் போகுதாம்" என்று இரட்டை அம்புக்குறியோடு வந்தால், எழுதினவர் வவுனிக்குளத்தைக் கண்ணால் கண்டிருப்பார் என்று நம்பாதீர்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு ஒரு கோல் எடுங்கள்.

கேள்வி: முகநூலில் என் கவிதைக்கு மூன்று லைக். பக்கத்து வீட்டுப் பெடியன் போட்ட ஆட்டுக்குட்டிக்கு நானூறு. இது நியாயமோ?
(வளரும் கவிஞர், மல்லாவி)

பதில்: ஆட்டுக்குட்டி வடிவாக இருந்திருக்கும். ஆட்கள் எதில் நின்று பார்க்கிறார்களோ அதையே முகநூல் மேலே தூக்கும். அதற்கு யாப்பும் தெரியாது, ஆடும் தெரியாது. அடுத்த கவிதையைக் குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் "உலகப் புகழ்பெற்றது" என்று தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதினேன். யாரோ ஒருவர் வெட்டிவிட்டார். அவருக்கு எங்கள் ஊரில் என்ன கோபம்?
(ஆலய நிர்வாக சபை உறுப்பினர், யோகபுரம்)

பதில்: கோபமில்லை, ஆதாரம்தான் கேட்கிறார். விக்கிப்பீடியாவில் "தொகு" என்ற பொத்தான் உங்களுக்கும் உண்டு, அவருக்கும் உண்டு. அதைவிடப் பெரிய சங்கதி பக்கத்தின் "வரலாறு". அதை அழுத்தினால் யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை வெட்டினார் என்பதெல்லாம் வரிசையாக வரும். உங்கள் "உலகப் புகழ்" அங்கே பத்திரமாகக் கிடக்கிறது. எங்கள் சங்கங்களின் கூட்ட அறிக்கைப் புத்தகத்துக்கும் இந்த வசதி இருந்திருந்தால் பாதி வழக்கு குறைந்திருக்கும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன், ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டே, முதல் ஓராண்டு ஏறக்குறையத் தனியாளாக எழுதினார். அவரும் தன் ஊரை உலகத் தலைநகர் என்று எழுதவில்லை. கும்பாபிஷேக மலர் இருந்தால் ஆண்டும் பக்கமும் சொல்லி ஆதாரம் காட்டுங்கள். கோயில் கட்டிய ஆண்டு நிலைக்கும். "உலகப் புகழ்" நிலைக்காது.

கேள்வி: கந்தோரிலிருந்து மின்னஞ்சலில் ஒரு அறிவித்தல் வந்தது. முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. இது எந்த நாட்டு மொழி?
(ஆசிரியை, பாண்டியன்குளம்)

பதில்: சுத்தத் தமிழ் ரீச்சர், பாமினி எழுத்துரு போட்ட வேசம். அதில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கணினியில் பாமினி இல்லையென்றால் வேசம் கலைந்துவிடும். யுனிகோட்டில் அப்படியில்லை. அங்கே அகரத்துக்கு 2949, ஆகாரத்துக்கு 2950 என்று ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் உலகம் ஒப்புக்கொண்ட சொந்த எண் இருக்கிறது. தமிழுக்கு அந்த இடம் 1991இலேயே கிடைத்துவிட்டது. பாமினியில் அடித்துப் போட்டதைக் கூகிளில் தமிழில் தேடினால் வராது. கந்தோருக்கு இதைச் சொல்லுங்கள், யுனிகோட்டில் சொல்லுங்கள்.

கேள்வி: இடப்பெயர்வுகளுக்குள்ளும் காப்பாற்றிய எங்கள் பாடசாலை மலரைப் படமெடுத்து முகநூலில் போட்டேன். இப்போது தேடினால் எனக்கே கிடைக்கவில்லை.
(பழைய மாணவர், துணுக்காய்)

பதில்: முகநூல் இன்றைக்குக் காட்டுவதற்கு நல்ல இடம், நாளைக்குத் தேடி எடுப்பதற்கு அல்ல. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல், இதழ், மலர் என்று ஸ்கான் செய்து இலவசமாக வாசிக்கக் கொடுக்கிறது. விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி மென்பொருளில்தான் அதுவும் ஓடுகிறது. ஆண்டு, ஆசிரியர், பதிப்பாளர் என்று எப்படியும் தேடலாம். ஆனால் அனுமதி வாங்குங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை எழுத்தின் உரிமை தொடரும். பாடசாலையிடமும், தேடிப்பிடிக்கக் கூடிய எழுத்தாளர்களிடமும் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

மல்லாவி, துணுக்காய், மாங்குளப் பக்கம் இப்படி மலர் வைத்திருப்பவர்கள், கறையான் வாசித்து முடிக்க முன்னர் நூலகத்தாருக்கு எழுதுங்கள்.