ஏரிக்கு எந்தப் பூட்டு?

(கலிபோர்னியா, 2011 ஜூன். 278 மாநிலப் பூங்காக்களில் 70-ஐ அடுத்த ஜூலைக்குள் மூடப்போவதாக அறிவிப்பு வந்து ஒரு மாதம் ஆகிறது. பூங்காத் துறை அதிகாரியின் அறையில் ஒரு குதிரைச் சவாரிக்காரர்.)

சவாரிக்காரர்: சார், ஹென்றி கோ பூங்காவை மூடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டு வந்திருக்கேன்.

அதிகாரி: அந்தக் குவியல் மேல வைங்க. ஒரு சந்தேகம். 87,000 ஏக்கர்னு போட்டிருக்கு, வாசல் எந்தப் பக்கம்?

சவாரிக்காரர்: மலைக்கு ஏது சார் வாசல்?

அதிகாரி: அதான் தலைவலி. மோனோ ஏரிக்கரையும் பட்டியல்ல இருக்கு. ஏரிக்கு எந்த அளவுல பூட்டு வாங்கணும்னு கொள்முதல் பிரிவுல கேக்கறாங்க.

சவாரிக்காரர்: பூட்டிட்டா என்ன மிச்சம்?

அதிகாரி: 2 கோடியே 20 லட்சம் டாலர்.

சவாரிக்காரர்: காவலாளி இல்லாத காட்டுல கஞ்சா போடுவான், தீ வைப்பான். அந்தச் செலவு?

அதிகாரி: அது போலீஸ் கணக்கு, தீயணைப்புக் கணக்கு. நம்ம தலைப்புல வராது. போன வருஷம் வண்டிக்கு 18 டாலர் கட்டினா பூங்காவுக்குள்ள இலவசம்னு வாக்கெடுப்பு நடந்துதே, நீங்கதானே தோற்கடிச்சீங்க?

சவாரிக்காரர்: எதிர்த்து ஓட்டுப் போட்ட எங்க பக்கத்து வீட்டுக்காரர்தான் இதுல முதல் கையெழுத்து.

அதிகாரி: எனக்கு உங்களைப் பத்திப் பயமே இல்லைங்க. நடக்கறவங்களுக்குச் சைக்கிள் ஆகாது. சைக்கிள்காரங்களுக்குக் குதிரைச் சாணி ஆகாது. மோட்டார் வண்டின்னா உங்க யாருக்குமே ஆகாது.

சவாரிக்காரர்: இப்ப நாங்க மூணு பேரும் ஒண்ணாத்தான் கூட்டம் போடறோம்.

அதிகாரி: மூணு பேர்தானே? போட்டுக்குங்க.

(2012 ஜூலை. அதே அறை. பட்டியலில் இருந்த பூங்காக்களில் பெரும்பாலானவை தப்பிவிட்டன.)

சவாரிக்காரர்: ஊர் ஊரா உண்டியல் குலுக்கிக் காப்பாத்திட்டோம் சார்! ஜாக் லண்டன் பூங்காவைத் தொண்டு அமைப்பே எடுத்து நடத்துது.

அதிகாரி: சந்தோஷம். கொஞ்சம் உக்காருங்க. தண்ணி குடிங்க. நம்ம துறைக் கணக்குல 5 கோடியே 40 லட்சம் டாலர் இருந்திருக்கு. வருஷக்கணக்கா நிதித்துறைக்கே தெரியாம.

சவாரிக்காரர்: காணாமப் போயிருச்சா?

அதிகாரி: காணாமப் போறது வழக்கம்தானே. இது கிடைச்சிருச்சு, அதான் அவமானம். இயக்குநர் ராஜினாமா பண்ணிட்டாங்க.

சவாரிக்காரர்: அப்ப நாங்க குலுக்கின உண்டியல்?

அதிகாரி: ரசீது வாங்கியிருப்பீங்களே, பத்திரமா வச்சுக்குங்க.

சவாரிக்காரர்: கணக்குல இருந்தது யார் வீட்டுப் பணம் சார்?

அதிகாரி: 2 கோடியே 4 லட்சம் பூங்கா நிதி. பூட்டினா மிச்சம்னு சொன்ன தொகைக்குக் கிட்டத்தட்ட வந்துரும். மீதி 3 கோடியே 35 லட்சம், மண்பாதையில மோட்டார் வண்டி ஓட்டறவங்களுக்கான நிதி.

சவாரிக்காரர்: அவங்களா? சத்தம் தாங்காதுன்னு கூட்டத்துக்கே கூப்பிடலையே!

அதிகாரி: ரொம்பப் புண்ணியம். அடுத்த தடவையும் கூப்பிட்டுராதீங்க. நாலு பேரும் ஒரே அறையில உக்காந்தா, எவனாவது ஒருத்தன் பேரேட்டைக் கொண்டாம்பான்.