ஃபோமட் சேர்

போர்டைத் துடைத்த கையோடு சேர் பெட்டி போடுவார். அடிமட்டம் வைத்து, நாலு மூலையும் நேராக. உள்ளே மேல்வரியில் 'நோட்டிஸ்' என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுப்பார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்புவார்.

"இந்த மூலையில என்னா வரும்?"

"டேட்டு சேர்!" மாடி அதிரும்.

"கீழ?"

"சைன் சேர்!"

"நடுவுல?"

சத்தமில்லை. நடுவில் வருவது இங்கிலீஷ். அதை அடுத்த சனிக்கிழமை பார்ப்போம் என்பார். அடுத்த சனிக்கிழமை கடிதம். அதற்கு வேறு பெட்டி.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் ஏதாவதொரு கடைக்கு மேல்மாடி டியூஷன் வகுப்பில் இவரைக் காணலாம். தலவாக்கலையில் இவருக்குத் தொப்பை கொஞ்சம் அதிகம், கொட்டகலையில் மோட்டார் சைக்கிள் உண்டு, நுவரெலியாவில் ப்ரொஜெக்டர் வாங்கிவிட்டார். ஆள் ஒரே ஆள்தான்.

ஓ/எல் இங்கிலீஷ் இரண்டு பேப்பர், மொத்தம் 16 டெஸ்ட். அதில் பிள்ளை சொந்தமாக எழுதவேண்டிய இடங்கள்தான் சேரின் ராச்சியம். முதல் பேப்பரில் சின்னதாக ஒரு நோட்டிஸ் அல்லது குறிப்பு. இரண்டாவதில், 14-ஆம் டெஸ்டில் 100 சொல் அளவில் கடிதமோ வரைபட விளக்கமோ. கடைசி 16-ஆம் டெஸ்டில் 200 சொல் அளவில் கட்டுரை, பேச்சு, உரையாடல், பாதியில் நிற்கும் கதை என்று கொடுத்திருப்பதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சேரிடம் ஃபோமட் உண்டு. ஃபோமட் சரியாக இருந்தால் பேப்பர் திருத்துகிறவர் உள்ளே படிக்கவே மாட்டார் என்பது அவருடைய அசையாத நம்பிக்கை.

கடிதத்துக்கு வருவோம். கடிதம் என்றால் விலாசம் வேண்டும். விலாசம் என்றால் வீட்டு நம்பர், வீதிப் பெயர், ஊர். லயத்துக்கு ஏது வீதி? தோட்டத்தின் பேரும் டிவிஷனும்தான் எங்கள் விலாசம். தபால்கூடப் பல இடங்களில் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் கைக்கு வரும். அதுவும் யாராவது கொண்டுவந்து கொடுத்தால். இந்தச் சிக்கலைச் சேர் ஒரே போடாகத் தீர்த்துவிட்டார். எல்லோருக்கும் ஒரு வீடு எடுத்துக் கொடுத்தார்: 25, மெயின் ரோட், கண்டி. மஸ்கெலியாப் பிள்ளை, நோர்வூட் பிள்ளை, பொகவந்தலாவைப் பிள்ளை, போன வருசத்துப் பிள்ளை, அதற்கு முந்தின வருசத்து அக்காமார் எல்லோரும் அந்த ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு சிநேகிதனுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். சிநேகிதன் பக்கத்து அறையில்தான் இருப்பான் என்று நினைக்கிறேன்.

திகதியும் அப்படித்தான். முன்பு பரீட்சை டிசம்பரில் வரும். இப்போது நாடு போகிற போக்கில் அதுவும் இடம் மாறிவிட்டது; 2023-க்குரிய ஓ/எல் 2024 மே மாதம் நடந்தது, 2024-க்குரியது 2025 மார்ச்சில். சேர் கடிதத்தில் கை வைக்கவில்லை. பிள்ளைகள் மே மாதத்து மழையில் உட்கார்ந்து டிசம்பர் லீவில் கண்டிக்கு வரச் சொல்லிச் சிநேகிதனை அழைத்தார்கள்.

கட்டுரைக்கு ஃபோமட் ஒரே சொல்லில் தொடங்கும்: 'நவடேஸ்'. நவடேஸ் டெங்கு பரவுகிறது. நவடேஸ் வாசிப்பு குறைகிறது. நவடேஸ் இன்டர்நெட். "முன்னொரு காலத்தில் ஒரு ராஜா" என்று ஆரம்பித்துவிட்டு மீதியை எழுதச் சொன்ன கதையில் என் அக்கா மகள் அடுத்த வரியை 'நவடேஸ்' என்று தொடங்கினாள். "ஏம்மா, அது பழைய ராஜாவாச்சே?" என்றேன். "மாமா, முதல் பராவுல அது இல்லாட்டி மார்க் வெட்டுவாங்க" என்றாள், எனக்கு விளங்காத விசயம் என்ற முகத்தோடு. அவளுடைய கொப்பியைப் புரட்டினேன். ஒவ்வொரு இங்கிலீஷ் வரிக்கும் மேலே பென்சிலால் அதே வரி தமிழ் எழுத்தில்: 'தி கிவின் பார் கிராஃப் ஷோஸ்'. அப்படி எழுதித்தான் மனப்பாடம். கிராஃபில் உயரமான கட்டை ஹையஸ்ட், குட்டைக் கட்டை லோவஸ்ட். இரண்டு கட்டை ஒரே உயரத்தில் வந்தால்? "அப்பிடி வராது" என்று சேர் சொல்லிவிட்டாராம்.

வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய விடைத்தாளையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் கவ்வாத்து வெட்டிய மலை மாதிரி எல்லாம் ஒரே மட்டம்.

ஃபோமட் அவரோடு வீட்டுக்கும் போகும். எங்கள் டிவிஷனில் ஒரு பெரியவர் செத்துப்போனார். படித்த ஆள் என்று இரங்கல் சொல்லச் சேரைக் கூப்பிட்டார்கள். தப்பு அடிக்கிறவர்கள் நிறுத்திக் கொடுத்தார்கள். சேர் தொண்டையைச் செருமினார். "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருந்தகைகளே, அன்பு மாணவ நண்பர்களே, அனைவருக்கும் காலை வணக்கம்" என்றார். நேரம் பின்னேரம் நாலு மணி. முதலாவதாக அன்னார் நல்லவர் என்றார், இரண்டாவதாக உழைப்பாளி என்றார். "முடிவாக, இந்த அரிய வாய்ப்பை வழங்கியவருக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்." வாய்ப்பு வழங்கியவர் பெட்டிக்குள் இருந்தார்.

சிரித்தாயிற்று. ஆனால் இந்த மனுசன் இல்லாவிட்டால் என்ன என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எத்தனையோ தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வருகிறார், மாற்றம் வாங்குகிறார், போய்விடுகிறார். இவர் போகவில்லை. தோட்டத்தில் பத்தாம் திகதி சம்பளம் போடுகிற வரைக்கும் காசைப் பற்றி வாய் திறக்க மாட்டார். 2021-இல் ஆயிரம் ரூபாயான நாட்சம்பளம் 2024-இல் 1,350 ஆனது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் என்பது அவருக்குத் தெரியும், அவருடைய அம்மாவும் மலைக்குப் போனவர்தான். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளை வந்தால் ஒருவருக்குத்தான் காசு வாங்குவார். பரீட்சையில் 'எஸ்' பாஸாவது எடுத்துக் கொடுத்துவிடுவார். சிலருக்கு 'சி'யும் விழுந்திருக்கிறது.

என் கோபம் வேறு. மூன்றாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரைக்கும் இங்கிலீஷ் படிக்கிறார்கள். பிறந்தநாள் விழாவுக்கு அழைக்கத் தெரிகிறது, வெளிநாட்டுச் சிநேகிதனிடம் சுகம் விசாரிக்கத் தெரிகிறது. லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று தோட்டத் துரைக்கு ஒரு கடிதம் எழுத, ஆறு குடும்பம் இருக்கிற லயத்தில் ஒரு பிள்ளையாலும் முடியவில்லை. தோட்ட ஆபீஸில் இங்கிலீஷ்தான் ஓடுகிறது. இந்த மலையில் பிறந்தவர்களுக்கு அந்தப் பாஷை வராது என்றும் இல்லை. பூண்டுலோயா மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947-இல் தலவாக்கலைக்கு எம்.பி.யான சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்துச் சனத்தின் வாழ்வை 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்று இங்கிலீஷிலேயே நெடுங்கவிதையாக எழுதினார். சேரிடம் காட்டினால் முதல் பரா எங்கே என்று கேட்டு 'எஸ்' போடுவார்.

கடைசியில் கூரைக் கடிதம் சேரிடமே போனது. லயத்துப் பெண்கள் திரண்டு போய், "சேர், நீங்கதான் எழுதித் தரணும், மழைக்கு முந்தி" என்றார்கள். அவர் காசு வாங்காமல், அடிமட்டம் வைத்து எழுதினார். கடிதத்தை நான் பார்த்தேன். வலது மூலையில் 25, மெயின் ரோட், கண்டி. அதன் கீழே, "ஐ ஆம் ஃபைன் அண்ட் ஹோப் யூ ஆர் ஆல்சோ ஃபைன். ஐ ஆம் வெரி ஹாப்பி டு இன்ஃபோர்ம் யூ தட் அவர் ரூஃப் இஸ் லீக்கிங்." மூன்றாம் பராவில் துரையை டிசம்பர் லீவுக்கு அழைக்காமல் விட்டது பெரிய காரியம்.

ஆபீஸில் பெரிய கிளாக்கர் அதை இரண்டு தரம் படித்தாராம். "கண்டி மெயின் ரோட்டுல இருக்கிறவருக்கு நம்ம லயம் ஒழுகினா சந்தோசமாத்தானே இருக்கும்" என்று சொல்லிவிட்டு, என்ன இருந்தாலும் உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

துரை பதில் போட்டார், இங்கிலீஷில் இரண்டே வரி. பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மாடி ஏறினார்கள். சேர் வாங்கிக் கண்ணாடியை மாட்டினார். சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனா தானாக வெளியே வந்தது.

"டேட்ட கீழ போட்டிருக்காரு. பரா பிரிக்கல. ரெண்டு மார்க் போச்சு."

"என்னாங்க சேர் எழுதியிருக்கு?"

தகரம் அடுத்த வருசத்து எஸ்டிமேட்டில் இருக்கிறதாம்.