ஆளுக்கொரு சுருக்கொப்பம்

அலுவலகத்தில் பொறுப்புணர்வை வளர்ப்பது என்று நிர்வாகம் முடிவெடுத்தால் முதலில் ஒரு குழு போடுவார்கள். குழு ஒரு பயிற்சி முகாமுக்குப் பரிந்துரைக்கும். முகாமில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் காலை பத்து மணி முதல் பொறுப்பைப் பற்றிப் பேசுவார். பதினொன்றரைக்கு டீ வரவில்லை என்றால், டீ யார் பொறுப்பு என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. பொறுப்பை ஒரு குணமாக நினைத்து, போதித்தால் வந்துவிடும் என்று நம்புவதால் வரும் வினை இது. அது பெரும்பாலும் ஏற்பாட்டைச் சேர்ந்த விஷயம் என்பது என் கட்சி. ஒரு வேலைக்கு ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும். தப்பு நடந்துவிட்டது என்று வந்து சொல்பவருக்கு, அதை மூடி மறைப்பவரைவிடச் சேதாரம் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நம்மைப் போன்ற சுமாரான மனிதர்களே பொறுப்பாக நடந்துகொள்வார்கள். இரண்டும் இல்லாவிட்டால் உத்தமர்கூட 'ஃபைல் மேலே போயிருக்கு' என்பார்.

அந்த ஃபைலையே பார்ப்போம். தலைமைச் செயலகத்தில் உதவிப் பிரிவு அலுவலர் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று படியேறுகிறது. ஒவ்வொருவரும் ஓரத்தில் ஒரு சுருக்கொப்பமும் தேதியும் போடுகிறார்கள். நடுவில் ஒருவர் 'பேசவும்' என்று எழுதுகிறார். ஃபைல் இறங்குகிறது. சில நாள் கழித்து 'பேசப்பட்டது' என்ற குறிப்போடு மறுபடி ஏறுகிறது. என்ன பேசினார்கள் என்பது அதில் இருக்காது. கீழே இருப்பவர் 'எப்படியும் மேலே பார்ப்பார்கள்' என்று எழுதுகிறார். மேலே இருப்பவர் 'கீழே பார்க்காமலா அனுப்பியிருப்பார்கள்' என்று ஒப்பமிடுகிறார். தனியார் கம்பெனிக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். ஒரு மெயிலுக்குப் பதினேழு பேரை 'சிசி'யில் போடுவது இதே வித்தைதான், ஏறி இறங்கும் சிரமம் மட்டும் அங்கே இல்லை.

ஆறு பேர் பார்த்தால் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துவிட மாட்டாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கு அளந்தே பதில் சொல்லியிருக்கிறார்கள். ஊர் கூடினால் தேர் நகரும் என்பது நம் நம்பிக்கை. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், கூடிய ஊரில் ஆளுக்கு எவ்வளவு இழுக்கிறார் என்று அளந்து 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து கயிறு இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுத்தால் காட்டும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் கயிற்றில் இறங்கியது. ஒருவேளை கால் இடறியிருக்கும், ஒரே நேரத்தில் இழுத்திருக்க மாட்டார்கள் என்று அவர்களுக்காக வாதாடலாம். 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த வாதத்தையும் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தி, பின்னால் இருந்தவர்களை இழுப்பதுபோல் பாசாங்கு செய்யச் சொன்னார்கள். உண்மையில் இழுத்தவர் அவர் ஒருவர்தான். இடற யாருமே இல்லை. பின்னால் ஆள் இருக்கிறது என்ற நினைப்பே அவர் கையைத் தளர்த்திவிட்டது. மருந்தும் கண்டுபிடித்தார்கள். 1981இல் இதே ரகச் சோதனை ஒன்றை, உரக்கக் கத்தச் சொல்லி நடத்தினார்கள். ஒவ்வொருவரின் சத்தமும் தனித்தனியாகப் பதிவாகிறது என்று தெரிந்ததும், கூட்டத்திலும் எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். யாருக்கும் பயிற்சி முகாம் நடத்தவில்லை.

நம் நாட்டில் இந்த மருந்தை ஒரு சட்டத்திலேயே கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலரின் பெயரை வெளியிட்டாக வேண்டும். அவர் 30 நாளில் பதில் தர வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் அவர் தலையில் விழும். 'இது எங்கள் துறை இல்லை' என்ற பழைய பாட்டும் செல்லாது. சரியான அலுவலகத்துக்கு ஐந்து நாளில் அவரே அனுப்பி வைக்க வேண்டும். 'பக்கத்து சீட்டில் கேட்டேன், தரவில்லை' என்றால், இந்த விஷயத்தில் பக்கத்து சீட்டுக்காரரையே தகவல் அலுவலராகக் கருதலாம் என்கிறது சட்டம். தட்டிக்கழிக்கும் ஆசாமியின் மனத்துக்குள் புகுந்து பார்த்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும். ஓட்டையும் இருக்கிறது. அபராதத்தின் உச்சவரம்பு 25,000 ரூபாய். ஆகவே நூறு நாளுக்கு மேல் தாமதம் இலவசம். முதல் மேல்முறையீட்டைக் கேட்கும் மேலதிகாரி சும்மா இருந்தால் அவருக்கு இந்தச் சட்டத்தில் அபராதமே கிடையாது. சம்பளம் ஏற ஏறப் பொறுப்பு ஆவியாகும் என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டதுபோல.

பெயரைப் போட்டுவிட்டால் பயம் வந்துவிடுமே, பயந்தவர் முடிவே எடுக்க மாட்டாரே என்பது அடுத்த ஆட்சேபம். முழுக்க உண்மை. வெறும் பெயர்ப்பலகை மனிதனை மறைக்கத்தான் பழக்கும். அதனால்தான், வந்து சொல்பவருக்குச் சேதாரம் குறைய வேண்டும் என்ற இரண்டாவது நிபந்தனை. 1974 டிசம்பர் 1 அன்று டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்று, வாஷிங்டனை நெருங்கும்போது இறங்கும் அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டு மலையில் மோதியது; அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தில் நூலிழையில் தப்பியிருந்தது. அந்தச் சேதி அந்த நிறுவனத்தின் விமானிகளைத் தாண்டி வெளியே போக வழியில்லாமல் இருந்தது. 1976இல் அமெரிக்காவில் ஒரு வழி செய்தார்கள். விமானி தன் பிசகைத் தானே எழுதி அனுப்பலாம். வாங்கிக்கொள்வது தண்டிக்கும் துறை அல்ல, நாசா. பத்து நாளுக்குள் அனுப்பினால், தெரியாமல் செய்த பிசகுக்குப் பொதுவாகத் தண்டனை விலக்கு.

அப்படியானால் தப்பு செய்துவிட்டுக் கடுதாசி எழுதினால் போதுமா என்று கண்காணிப்பாளர்கள் கொதிப்பார்கள். போதாது. வேண்டுமென்றே செய்தது, குற்றச் செயல் இவற்றுக்கு அங்கே விலக்கு கிடையாது. கையிலிருந்து நழுவியதையும் கைநீட்டி வாங்கியதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நமக்கு அந்த நடுவழி பழக்கமில்லை. பொறுப்பேற்பது என்றாலே ராஜினாமா என்று நினைக்கிறோம். 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்துக்குத் தார்மீகப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தார். அதே ஆண்டு மெகபூப்நகர் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார். அப்போது நேரு ஏற்கவில்லை. பெரிய மனசு; சந்தேகமில்லை. ஆனால் ஒப்புக்கொண்டால் வேலை போகும் என்பதே விதியானால் சாஸ்திரிகள் மட்டும்தான் ஒப்புக்கொள்வார்கள். அவர்களை நம்பி ஒரு கிளை அலுவலகத்தை நடத்த முடியாது. எந்தத் தேர்வாணையமும் அவர்களைப் பொறுக்கி அனுப்புவதில்லை.

ஆகவே செலவில்லாத இரண்டு காரியம் போதும். பிசகை முதலில் வந்து சொன்னவரிடம் மேலாளர் 'யார் செய்தது' என்று கேட்பதற்கு முன் 'எப்படி நடந்தது' என்று கேட்கட்டும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயரை எழுதட்டும். அந்தக் கட்டத்தில் 'சம்பந்தப்பட்ட அனைவரும்' என்று எழுதத்தான் கை வருகிறது என்றால், அந்த வேலையை அங்கேயே அடித்துவிடலாம். எப்படியும் நடக்கப்போவதில்லை, கூட்டமாவது சீக்கிரம் முடியும்.