ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்த பையன்கள்

ஜார்ஜியா மாநிலத்தில் சனிக்கிழமை என்றால் அமெரிக்க ஃபுட்பால். மேக்கன் நகரத்து மெர்சர் பல்கலைக்கழகத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்க நான் சேர்ந்த காலத்தில், செப்டம்பர் பிறந்துவிட்டால் வெள்ளிக்கிழமை மாலையே வளாகம் வெறிச்சோடிவிடும். பையன்கள் கூட்டம் கூட்டமாக ஏதென்ஸுக்குக் கிளம்புவார்கள். அங்கே ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் பிரம்மாண்டமான மைதானம். 90,000 பேருக்கு மேல் உட்காரலாம். எங்கள் பிள்ளைகள் வேறொரு கல்லூரியின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்த அணிக்காகத் தொண்டை கட்டக் கத்திவிட்டு வருவார்கள். எனக்கு அது வருத்தமாகவே இருக்கும்.

இத்தனைக்கும் அந்த மாநிலத்தில் இந்த ஆட்டத்தைத் தொடங்கிவைத்த இரண்டு கல்லூரிகளில் ஒன்று மெர்சர். 1892 ஜனவரியில் ஏதென்ஸில் நடந்த முதல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 50-0 என்று தோற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியா டெக் கல்லூரியை 12-6 என்று வென்றார்கள். டெக் அணி ஆடிய முதல் ஆட்டமே அதுதான். 1941 சீசனோடு இரண்டாம் உலகப் போர் வந்து மெர்சர் அணியைக் கலைத்தது. மற்ற இரண்டு கல்லூரிகளும் வளர்ந்து தேசியப் பட்டங்கள் வாங்கின. மெர்சரில் எழுபது வருடத்துக்குமேல் பந்து உருளவில்லை.

2010-இல் நிர்வாகம் மறுபடியும் அணி வேண்டும் என்று முடிவெடுத்தபோது, ஆசிரியர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. சிறிய தனியார் கல்லூரிகள் ஃபுட்பால் தொடங்குவதற்குப் பெரும்பாலும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் இப்போது பெண்களே அதிகம். ஓர் அணி வைத்தால் நூறு பையன்கள் சேருவார்கள், நூறு பேரின் கட்டணம் வரும். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வந்த பையன்களைப் பிடித்துப்போனது.

ஃபர்மன் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்த பாபி லேம்ப் பொறுப்பேற்றார். அணி சேர்ந்தது பயனியர் லீகில். ஃபுட்பாலுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்கக்கூடாது என்பது அந்த லீகின் விதி. ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கட்டணம். படிப்புக்கான உதவித்தொகை, வங்கிக் கடன், வீட்டுப் பணம் என்று எதையெதையோ சேர்த்துக் கட்டித்தான் 2012-இல் முதல் பையன்கள் வந்தார்கள். வந்த வருடம் அவர்களுக்கு ஆட்டமே கிடையாது, பயிற்சி மட்டும்தான்.

அவர்களில் சிலர் என் காலை வகுப்பில் இருந்தார்கள். விடியும் முன்பே பயிற்சியை முடித்துக் குளித்து, ஈரத் தலையோடு, தைல வாசனையோடு கடைசி வரிசையில் உட்காருவார்கள். ஒருவனுக்கு வலது கையில் மூன்று விரல்களைச் சேர்த்து டேப் சுற்றியிருந்தது. பென்சிலைக் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தொகையிடல் கணக்கைப் போட்டான். எழுத்து கோணல்மாணல், விடை சரி. "யாரோடு ஆடப்போகிறாய்?" என்று கேட்டேன். "இந்த வருஷம் யாரோடும் இல்லை சார், அடுத்த வருஷம்தான்" என்றான். அதற்குள் கை இந்த நிலைமையில் இருந்தது.

2013 ஆகஸ்டில் முதல் ஆட்டம். ஐ-75 நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி எழுந்து நின்ற புது மைதானத்தில், மெர்சர் ரைன்ஹார்ட்டை 40-37 என்று வென்றது. அன்று என் பக்கத்தில் நின்றவர்கள் மேக்கன் ஊர்க்காரர்கள். பல வருடம் வளாகத்து மதிலுக்கு வெளியே மட்டும் நடந்தவர்கள். அந்த சீசனில் பத்து வெற்றி, இரண்டு தோல்வி. நவீன காலத்தில் அதுவரை புதிதாகத் தொடங்கிய எந்தக் கல்லூரி அணியும் முதல் வருடத்தில் அத்தனை ஆட்டம் வென்றதில்லை.

மறு வருடமே சதர்ன் கான்ஃபரன்ஸ் என்ற லீகுக்கு மாறினார்கள், ஸ்காலர்ஷிப் வந்தது. அலபாமா மாதிரி பெரிய அணிகளோடு பணத்துக்காக ஆடும் ஆட்டங்களும் வந்தன. 2017-இல் அலபாமாவிடம் 56-0 என்று தோல்வி. அடி வாங்கிக்கொண்டு செக்கோடு திரும்புகிற அந்த ஏற்பாட்டை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் பையன்களுக்குக் கடைசி சீசன் 2016. அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக்கோடு ஆடினார்கள். 35-10, தோல்விதான். ஆனால் 1892-இல் தொடங்கிய கணக்கில் மெர்சரின் பெயரை மறுபடி எழுதியவர்கள் அவர்கள்.

இப்போது அணி உண்மையிலேயே பலமானது. 2023-இல் முதல் முறையாக பிளேஆஃப், 2024-இல் கான்ஃபரன்ஸ் பட்டம், தேசியக் காலிறுதி. சனிக்கிழமை காலையிலேயே ஆரஞ்சுச் சட்டைக் கூட்டம் அடுப்பு மூட்டிவிடுகிறது. எனக்கு அதில் முழு மகிழ்ச்சி. மாறியது பையன்கள் தங்குகிற காலம்தான். 2021 முதல், மாறிய கல்லூரியில் ஒரு வருடம் காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்று ஆனதால், நாடு முழுக்க ஆட்டக்காரர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நல்ல இடத்துக்குப் போகிற உரிமை அவர்களுக்கு வேண்டியதுதான். படிப்பு மட்டும் அந்த வேகத்தில் கூடவே வருவதில்லை.

இந்த செமஸ்டர் என் வகுப்பில் இருக்கும் ஒருவனுக்கு இது மூன்றாவது கல்லூரி. முன்பு படித்த இரண்டு கணக்குப் பாடங்களின் கிரெடிட் இங்கே செல்லவில்லை. ஆட இன்னும் ஒரு சீசன் இருக்கிறது. டிகிரி முடிய அதற்கு மேலும் ஆகும். புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் என் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். விட்டுப்போன பாடத்தை முதலிலிருந்து நடத்துகிறேன். வந்துகொண்டிருக்கிறான்.