ஹிட்லர் செய்த தப்பு

டெல்லி ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வெஸ்ட் பிளாக் பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் அங்கே இன்னும் முடியவில்லை. ஃபைலில் நடக்கிறது.

ஒரு பக்கம் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு. போரை எழுதி வைக்கிற இடம். இன்னொரு பக்கம் கேந்திரிய சைனிக் போர்டு. போருக்குப் போய் வந்தவரைக் கவனிக்கிற இடம். அங்கே அவர் வீரர், இங்கே மனுதாரர். நடந்தே போய்விடலாம். போய்ச் சேரத்தான் ஆயுள் போதாது.

1939 செப்டம்பர் 3. இந்தியா போரில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். சட்டசபையைக் கேட்கவில்லை. காங்கிரஸைக் கேட்கவில்லை. கோடிக்கணக்கான பேரைச் சண்டைக்கு இழுக்க ஒரே ஒருவர் போதும். அதில் ஒருவருக்கு உதவித்தொகை வாங்கித் தர எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

25 லட்சம் பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். மார்பளவு எடுத்தார்கள், கைநாட்டு வாங்கினார்கள், கப்பலேற்றினார்கள். வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா. சுமார் 87,000 பேர் திரும்பவில்லை.

ஊரில் இருந்தவர்களும் தப்பவில்லை. 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையைக் காலி செய்துகொண்டு போகச் சொன்னார்கள். அவன் வரவில்லை. மிருகக்காட்சிச் சாலையில் கூண்டுக்குள் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டு அரசாங்கம் தன் வீரத்தைக் காட்டியது. 1943-இல் வங்காளத்தில் பஞ்சம். செத்தவர்கள் 30 லட்சம் வரை. குண்டுக்குச் செத்தவனைவிடக் கஞ்சிக்குச் செத்தவன் பல மடங்கு.

போர் முடிந்தது. படையைக் கலைத்தார்கள். பென்ஷன்? சிப்பாய்க்கு 15 வருட சர்வீஸ் வேண்டும் என்றது விதி. போர் நடந்ததோ ஆறே வருடம். தப்பு ஹிட்லர் மீதுதான். இன்னும் ஒன்பது வருடம் தாக்குப்பிடித்திருந்தால் நம் ஆட்களுக்குப் பென்ஷன் கிடைத்திருக்கும்.

வெள்ளைக்காரன் போட்ட விதி என்பீர்கள். அவன் போய் 75 வருடத்துக்கு மேல் ஆகிறது. அவன் பெயர் தாங்கிய சாலைகளுக்கு வேறு பெயர் வைத்தோம். அவன் வைத்த கணக்கை மட்டும் குலதெய்வம் போலக் காப்பாற்றினோம்.

வரலாறு மட்டும் கடமை தவறவில்லை. நாட்டைப் பிரித்தார்கள். மேஜை நாற்காலியைக்கூட எண்ணிப் பிரித்தார்கள். காஷ்மீரில் சண்டையும் போட்டார்கள். ஆனால் உலகப் போரின் வரலாற்றை இந்தியாவும் பாகிஸ்தானும் கூட்டாகவே எழுதின. பிசேஷ்வர் பிரசாத் தலைமைப் பதிப்பாசிரியர். 1950-களிலும் 60-களிலும் தொகுதி தொகுதியாக வந்தது. கனமான புத்தகங்கள். பசிக்கு ஆகாது.

தலைநகரில் பெயராவது கல்லில் இருக்கிறதா? 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில், சுதந்திரத்துக்குப் பின் உயிர்விட்டவர்களின் பெயர்கள்தான். நாள் பார்த்துச் சாகத் தெரியாதவர்களில் பலர் டெல்லி கண்டோன்மென்ட் போர்க் கல்லறையில் ஒரு பதிவேட்டுக்குள் கிடக்கிறார்கள். செத்தும் ஃபைல்தான். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதையில் மடிந்த மலாயாத் தோட்டத் தமிழர்களுக்கு அந்தப் பதிவேடும் இல்லை.

பிழைத்து வந்தவர்களுக்கு மாநிலங்கள் ஏதோ கொடுக்கின்றன. ஊருக்கு ஊர் தொகை வேறு. ஒரே பதுங்குகுழியில் கிடந்த இருவரின் வீரத்துக்கு இரண்டு விலை. மத்திய அரசு கொடுப்பதற்குப் பெயரே 'வறுமை உதவி'. 65 வயது தாண்டியிருக்க வேண்டும். பென்ஷன் இருக்கக் கூடாது. நிலையான வருமானம் இருக்கக் கூடாது. ஆன்லைனில் மனு, டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஸ்கேன், மாவட்ட அலுவலகத்தின் பரிந்துரை, வருடா வருடம் லைஃப் சர்டிபிகேட். மாதம் 4,000 ரூபாயாக இருந்தது. 2025-இல் மனமிரங்கி 8,000 ஆக்கினார்கள்.

1945-இல் 18 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவருக்கு 2025-இல் வயது 98. பர்மாக் காட்டில் ஜப்பான்காரனிடம் உயிர் தப்பியவர், அந்த உயிர் இன்னும் இருக்கிறது என்று சொந்த அரசாங்கத்திடம் நிரூபிக்க வேண்டும்.

அரசாங்கத்துக்கு அவசரமில்லை. காத்திருக்கும். மனுதாரர் குறையக் குறையச் செலவும் குறைகிறது. இந்த ஒரு போரில் மட்டும் அது தோற்றதே இல்லை.